டிக்பியின் மண்டைக்குள் இருந்தது

பூனையின் கோரைப்பல் டார்சி பெல்கொனனின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதையில் இறங்கி, மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கையை உதறினான். விடவில்லை. பூனையின் தாடை பூட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. முன்னங்கால் நகங்கள் அவன் மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது உதறலில் கையைப் பூனையோடு சேர்த்து அடுப்பின் பக்கவாட்டுத் தகரத்தில் ஓங்கி அறைந்தான். தகரம் அதிர்ந்தது. தாடை விட்டது. டிக்பி என்ற அந்தப் பூனை தரையில் விழுந்து, ஒருக்களித்தபடியே நான்கு கால்களாலும் காற்றில் ஓடியது. வாயில் நுரை. அடிவயிற்றுக்குக் கீழே மூத்திரம் பரவி, மேசைக்கால் வரை போயிற்று.

டார்சியின் தங்கை, பூனையை வளர்க்கும் நோரீன், தரையில் மண்டியிட்டாள்.

"கிட்ட வராத" என்றாள். "வராதங்கறேன்ல."

"என் கைய பாரு, நோரீன்."

"பாத்தேன். அதுக்கு வலிப்பு. கடிக்கணும்னு கடிக்கல. நீ அத அடுப்புல அடிச்ச."

டார்சி தட்டு துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டான். துணி உடனே சிவந்தது. அவனுக்கு நாற்பத்தொரு வயது. இருபது வருடமாக அந்தத் தீவின் கவிச்சன் ஏரிக்கு மேலே இருக்கும் மலைகளில் மரம் வெட்டுகிறவன். ரம்பம் துள்ளித் தொடை கிழிந்தபோதுகூடத் தானே துணி கட்டிக்கொண்டு இறங்கி வந்தவன். கை அவனுக்குப் பெரிய விஷயமில்லை. அடுப்புத் தகரத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிற முடிதான் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

வலிப்பு ஒரு நிமிடத்தில் நின்றது. டிக்பி எழுந்தது, இடப்பக்கமாகவே வட்டம் சுற்றியது, நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. முந்தாநாளிலிருந்து இதே கதைதான் என்றாள் நோரீன். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கண்மணி இரண்டும் கறுப்புப் பொத்தான் மாதிரி விரிந்திருக்கின்றன. டார்ச் அடித்தாலும் சுருங்குவதில்லை. மூக்குத்தண்டின் மேல் ஒரு வீக்கம்.

டார்சி அந்த வீக்கத்தைப் பார்த்தான். எத்தனையோ பேரின் மூக்கு உடைந்து பார்த்தவன் அவன். பலகை விழுந்தும் பூட்ஸ் பட்டும் வருகிற வீக்கம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"இது யாரோ மிதிச்சது."

"தெரியல."

"வேட் இந்தப் பக்கம் வந்தானா?"

நோரீன் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வியாழக்கிழம அவன் வண்டி ரோட்டுல போச்சு. நிக்கல. நிக்கலன்னுதான் நெனைக்கறேன். நான் ஜன்னல விட்டு நகந்துட்டேன்."

அவள் பயப்பட அது போதும். வேட்தான் மிதித்தான் என்று அவன் முடிவுகட்டவும் அது போதுமாயிருந்தது.

வேட் ட்ரஸ்காட் அவளுடைய பழைய கணவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பான்கேக் கருகிவிட்டது என்று அவள் தாடையை இரண்டாக உடைத்தவன். பதினாலு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அவளையோ அவள் வீட்டையோ நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. தாடை உடைந்தபோது டார்சி வடக்கே ஒரு மரவெட்டு முகாமில் இருந்தான். சேதி வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு நாள் என்று தங்கிவிட்டான். அவன் வந்து பார்த்தபோது நோரீன் கம்பியால் கட்டிய வாயோடு உறிஞ்சுகுழாயில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பதினோரு மணிக்கு டங்கன் டவுன்ல பூனை டாக்டர் பாக்கறேன்னாங்க" என்றாள். "நீ போய்க் கைக்குத் தையல் போடு."

"சரி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

வேட் எங்கே இருப்பான் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். சால்மன் மீன்கள் எதிரேறும் பருவத்தில் ஆற்றங்கரையில், பழைய ரயில் பாலத்துக்குக் கீழே. அன்றும் அங்கேதான் இருந்தான். வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு, அதையே பலகையாக வைத்து மீன் அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரேடியோ பாடியது. டார்சியின் கையில் கோடாரிக் காம்பைக் கண்டதும் கத்தியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தான்.

"யாருடா இது. மூணு வருஷம் கழிச்சு அண்ணங்காரன் வந்துருக்கான்" என்றான் வேட். "வழில டிராஃபிக்கா?"

முதல் அடி முழங்காலில் விழுந்தது. ஈரக்கட்டை பிளக்கிற சத்தம் வந்தது. வேட் சாயும்போதே கத்தியை வீச, அது டார்சியின் முன்கையை முழங்கை வரை திறந்தது. டார்சிக்கு வலிக்கவே இல்லை. காம்பின் நுனியால் கத்தி பிடித்த கையை நசுக்கினான். கத்தி கூழாங்கற்களுக்குள் போயிற்று. வேட் ஒற்றைக் காலில் எழ முயன்று டார்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இருவரும் மீன் குடல் கிடந்த வாளி மேல் விழுந்தார்கள். வேட் அவன் காதைக் கடித்தான். டார்சி தலையால் முட்டினான், மறுபடி முட்டினான், எதிரிலிருந்த முகம் வழுவழுப்பாக மாறும்வரை.

பிறகு எழுந்து நின்று காம்பைத் தேடி எடுத்தான்.

"இது பூனைக்கு" என்றான்.

வேட் மல்லாந்து கிடந்தான். ஒரு கண் ஏற்கெனவே மூடிவிட்டது. மற்றதில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. நோரீன் பேரைச் சொல்லி அடித்திருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

"எந்தப் பூனை?" என்றான்.

டார்சி அந்த வாயிலேயே அடித்தான். இன்னொரு தரம் அடித்தான். வாய் எதுவும் கேட்கமுடியாத நிலைக்குப் போன பிறகு மூடிய கண்ணின் மேலும் ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாயோடு நடந்த ஒரு பெண் கத்துவது கேட்டது. அவள் போனைக் காதில் வைத்திருந்தாள். டார்சி காம்பைத் தண்ணீரில் எறிந்தான். அது சுழன்று சுழன்று பாலத்தூணில் முட்டிப் போயிற்று. ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வண்டிக்கு வந்தான்.

வண்டியில் ஏறுவதற்குள் போன் அடித்தது. நோரீன்.

"இங்க முடியாதாம். விக்டோரியா பக்கம் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. மண்டைய ஸ்கேன் எடுக்கணுமாம். வழில வலிப்பு வந்தா நான் ஓட்டிக்கிட்டே பாக்க முடியாது. தையல் போட்டாச்சா?"

"ஆச்சு" என்றான்.

முன்கையை ஸ்வெட்டரால் இறுக்கிக் கட்டி, மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவளை ஏற்றிக்கொள்ளப் போனான். மலைப்பாதையில் நோரீன் பூனைப்பெட்டியை மடியில் வைத்து, கம்பி வழியே விரலை விட்டிருந்தாள். வழியில் இரண்டு தரம் வலிப்பு வந்தது. ஒவ்வொரு தரமும் பெட்டி அவள் மடியில் தடதடவென்று அடித்தது. அவள் நொடிகளைச் சத்தமாக எண்ணினாள். டார்சி முன்னால் போன லாரியையே பார்த்து ஓட்டினான்.

"மீன் நாத்தம் அடிக்குது உம்மேல" என்றாள்.

"வண்டில எப்பவும் அடிக்கறதுதான்."

பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் அனெகே பொஸ்மா. ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். கையில் பழைய கீறல் தழும்புகள். டிக்பியின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தார், மூக்கு வீக்கத்தைத் தொட்டார். பூனை இதுவரை இல்லாத வெறியோடு சீறி அவர் முகத்துப் பக்கமாகப் பாய, பின்னால் நின்ற நர்ஸ் கனத்த துண்டால் அமுக்கினாள். துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் பூனைச் சத்தமாகவே இல்லை.

"இது எப்பவுமே இப்படியா?"

"இல்ல டாக்டர். யார் வந்தாலும் மடில ஏறிப் படுத்துக்கும்" என்றாள் நோரீன்.

"அப்ப இது அதோட குணமில்ல, உள்ள இருக்கற ஏதோ ஒண்ணு. மயக்க மருந்து குடுத்து ரெண்டு ஸ்கேனும் எடுத்துடலாம். ஒண்ணு எலும்புக்கு, ஒண்ணு மூளைக்கு. மயக்கத்துலயே போயிடறதுக்கும் வாய்ப்பிருக்கு. சொல்லிட்டுச் செய்யறதுதான் மொற."

"யாரோ மிதிச்சிருக்காங்க" என்றான் டார்சி. "அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் அவன் மழைக்கோட்டின் கைநுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்ததைப் பார்த்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சுவருக்கு அப்பாலிருந்து ஸ்கேன் இயந்திரம் இடிப்பது கேட்டுக்கொண்டேயிருந்தது, யாரோ இரும்புக் கதவை உதைப்பது போல. நடுவில் ஒருமுறை அந்தச் சத்தம் நின்று, ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. பூனைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. குழாய் வழியாகக் காற்றை அழுத்தி மீட்டார்கள். நோரீன் எழுந்து நின்றவள் அப்புறம் உட்காரவே இல்லை.

உள்ளே கூப்பிட்டபோது திரையில் இரண்டு படங்கள் இருந்தன. டார்சிக்கு முதலில் அது எதுவென்றே விளங்கவில்லை. நறுக்கிய வால்நட் பருப்பு மாதிரி இருந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள்.

"இது எலும்புப் படம்" என்றார் டாக்டர். "மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல சல்லட மாதிரி ஒரு எலும்பு உண்டு. பாருங்க, இந்தப் பக்கம் சல்லட இருக்கு, இந்தப் பக்கம் இல்ல. உள்ளேர்ந்து அரிச்சிருக்கு. மூக்குல இருக்கற கட்டி அந்த வழியா மேல போயிருக்கு. இப்ப மூளைப் படம். இந்த வெள்ளக் குமிழியெல்லாம் வழவழன்னு ஜெல்லி மாதிரி இருக்கும். மூளையச் சுத்தியிருக்கற சவ்வும் வீங்கியிருக்கு. கண்ணுக்குப் போற நரம்பையும் புடிச்சிருக்கு. அதான் கண்ணு தெரியல."

"மிதிச்சதுல உள்ள போச்சா?" என்றான் டார்சி.

"யாரும் மிதிக்கல. எலும்பு எங்கயும் விரிசல் விடல. ரத்தக் கசிவு ஒரு துளி இல்ல. அடிபட்ட மண்ட இப்படி இருக்காது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முகத்துல பூட்ஸ் பட்டா..."

"மிஸ்டர் பெல்கொனன், இது பூஞ்சை. வெறும் பூஞ்சை. மண்ணுல, மரப்பட்டைல இருக்கறது. தூசியா பறக்கும், மூச்சோட உள்ள போகும். தும்மல்ல ஆரம்பிச்சிருக்குமே?"

"ஏப்ரல்லேர்ந்து தும்முது" என்றாள் நோரீன். "சளின்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. இந்தத் தீவோட கிழக்குக் கரையில வருஷத்துக்கு நாலஞ்சு பூனைய இதோட நான் பாக்கறேன். வீட்டுப் பக்கத்துல மரம் வெட்டினாங்களா, மண்ணக் கிளறினாங்களா?"

நோரீன் டார்சியைத் திரும்பிப் பார்த்தாள். போன பிப்ரவரியில் அவள் வீட்டுக்குப் பின்னால் மூன்று ஃபர் மரங்களைச் சாய்த்து, இயந்திரம் கொண்டுவந்து வேரோடு தோண்டியவன் அவன்தான். வெயில் வரட்டும் என்று சொன்னான். டிக்பி அந்தக் குழியில் வாரக்கணக்கில் புரண்டது. உள்ளே வரும்போதெல்லாம் சிவப்பு மண் பூசிக்கொண்டு வரும்.

"நான் வெட்டினேன்" என்றான்.

"அதுலேர்ந்துதான்னு நான் சொல்ல மாட்டேன். காத்துல எங்கேர்ந்து வேணா வரும்" என்றார் டாக்டர். "ரத்தத்த சோதனைக்கு அனுப்பியாச்சு. மூளையில அழுத்தம் அதிகமா இருக்கு, முதுகுத்தண்டுலேர்ந்து தண்ணி எடுத்தா ஆபத்துன்னு விட்டுட்டேன். மூக்குக் கட்டிலேர்ந்து ஊசில கொஞ்சம் எடுத்தேன். வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் நோரீன் முதலில் பார்த்தாள், பிறகு டார்சி குனிந்தான். கண்ணாடித் தகட்டில் விட்ட கறுப்பு மசிக்குள் உருண்டையாகச் சிறு புள்ளிகள் மிதந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிச்சமான அகல வளையம். நிறைய இருந்தன. எண்ணமுடியாத அளவுக்கு இருந்தன. அழகாகக்கூட இருந்தன. அவன் கண்ணை எடுக்காமல் குனிந்தபடியே நின்றான். நிமிர்ந்தால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

"எடது தோள்ல மட்டும் புதுசா ஒரு ரத்தக்கட்டு" என்றார் டாக்டர். "இன்னிக்கிப் பட்டது. அதுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்ல."

"அது நான்" என்றான் டார்சி. "அடுப்புல அடிச்சேன்."

பூனை பிழைக்குமா என்று நோரீன் கேட்டாள். பாதிப் பாதி என்றார் டாக்டர். வாரம் மூன்று தரம் தோலுக்கடியில் மருந்து ஏற்றவேண்டும், தினம் மாத்திரை, ஒரு வருடம் ஆகலாம், இரண்டாகலாம். பார்வை வராமலே போகலாம். ஆரம்பிக்கிறதா, தூங்கவைத்துவிடுகிறதா?

"ஆரம்பிங்க" என்றாள் நோரீன்.

வண்டி நிறுத்துமிடத்தில் காலிப் பெட்டியோடு நடந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. டார்சி வண்டிக் கதவில் கைவைத்துவிட்டு, திறக்காமல் சொன்னான். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. ஆற்றங்கரை, காம்பு, முழங்கால், வாய்.

"அவன் எந்தப் பூனன்னு கேட்டான்" என்றான் கடைசியில். "கேட்ட பிறகும் அடிச்சேன்."

நோரீன் பூனைப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். பிளாஸ்டிக் மூலை புருவத்தைக் கிழித்தது. மறுபடி அடித்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. பெட்டியின் கம்பிக் கதவு கழன்று தெறித்து, பக்கத்துக் காரின் அடியில் போய் விழுந்தது. மூன்றாவது அடியில் பெட்டியே உடைந்தது. அவள் உடைந்த பாதியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

"உசிரோட இருக்கானா?"

"தெரியல."

"பாக்கக்கூட இல்லயா?"

"இல்ல."

"நான் உன்ன அடிக்கச் சொன்னேனா? அன்னிக்கும் சொல்லல, இன்னிக்கும் சொல்லல. என் தாட ஒடஞ்சப்ப எனக்கு வேண்டியிருந்தது பக்கத்துல உக்கார ஒரு ஆளு. அதுக்கு உனக்குப் பதினோரு நாள் ஆச்சு. இதுக்கு மட்டும் பத்து நிமிஷம்."

புருவத்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"சாவியக் குடு" என்றாள். "ஏறு. போலீஸ் ஸ்டேஷன்ல எறக்கி விடறேன்."

அங்கே போனபோது அவர்கள் அவனைத் தேடத் தொடங்கி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மழைக்கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஸ்வெட்டர் முன்கையோடு ஒட்டி உறைந்திருந்தது. உரித்தபோதுதான் அவனுக்கு முதன்முதலாக வலித்தது. அந்த இளம் போலீஸ்காரர் முகம் வெளுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

வேட் சாகவில்லை. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். முழங்காலில் உலோகத் தகடு வைத்தார்கள். தாடையைக் கம்பியால் கட்டினார்கள், ஆறு வாரம் உறிஞ்சுகுழாயில் சாப்பிட்டான்.

டார்சி குற்றத்தை ஒப்புக்கொண்டான். எத்தனை காலம் உள்ளே என்பதுதான் டங்கன் நீதிமன்றத்தில் பாக்கியிருந்த கேள்வி. அவனுடைய வக்கீல் கெட்டிக்காரர். வேட் எப்படிப்பட்டவன் என்று நோரீன் தன் வாயால் சொன்னால் நீதிபதி மனம் இளகும், பாதியாகக் குறையும் என்றார். அவள் வந்தாள். முழங்கால் வரை நீண்ட பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். மூன்று வரிசை தள்ளி வேட் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான். ஒரு கண்ணில் கறுப்புத் துணி.

வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பான்கேக், தாடை, அதற்கு முன்னால் விரல், அதற்கும் முன்னால் இரண்டு விலா எலும்பு. நிதானமாகச் சொன்னாள். வேட் தரையைப் பார்த்தான்.

"அப்ப உங்க அண்ணன் அவரச் சந்தேகப்பட்டதுல நியாயம் இருந்தது, இல்லையா?" என்றார் வக்கீல்.

"வேட் என்னைத்தான் அடிச்சான்" என்றாள் நோரீன். "பூனைய அடிக்கல. டாக்டர் படம் குடுத்துருக்காங்க, பாருங்க." பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். வக்கீல் அதை வாங்கவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கி நாலு மணி நேரம் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். "எனக்காகன்னு சொல்லாதீங்க. எனக்காக ஒண்ணும் நடக்கல."

பதினாறு மாதம் என்றார் நீதிபதி. வெளியே போகும் வழியில் வேட் ஊன்றுகோலை நகர்த்தி அவள் முன்னால் வந்து, கோணலாய் ஒட்டிய வாயைத் திறந்தான். நன்றி சொல்லத்தான் வந்தான் போல. கூண்டுக்குள்ளிருந்து டார்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் மண்டைக்கு ஏறி, கைவிலங்கில் மணிக்கட்டு முறுகியது. நோரீன் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை.

"உத்தரவு இன்னும் இருக்கு, வேட்" என்றாள். "முப்பது அடி தள்ளி நில்லு."

அவன் நகர்ந்தான்.

சிறையில் முதல் மாதமே டார்சி இரண்டு பேரோடு மல்லுக்கு நின்றான். ஒருவனுடைய பல்லை உடைத்ததற்காகத் தனியறை. அதற்குப் பிறகு குறைந்தது. யாராவது சீண்டினால் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வான். பூனை கடித்த கட்டைவிரல் பக்கத்து நரம்பு செத்துவிட்டதால் அந்தக் கை முழுதாக மூடவும் செய்யாது. நோரீனுக்கு நான்கு கடிதம் எழுதினான். பதில் வரவில்லை.

ஐந்தாவது மாதம் அவளே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"போன வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க" என்றாள். "குமிழி நெறையக் கொறஞ்சிருக்கு. ரெண்டு மட்டும் அப்படியே இருக்கு. வலிப்பு நின்னு ரெண்டு மாசமாச்சு. நேரா நடக்குது."

"கண்ணு?"

"வலது பக்கம் கொஞ்சம் தெரியுது. பறவய ஜன்னல் வழியா பாக்குது. எடது போனது போனதுதான்."

டார்சி தலையாட்டினான். பிறகு கேட்டான்.

"அவன்?"

"யாரு, வேட்டா? அவனும் எடதுதான்." அவள் சிரிக்கவில்லை. "அம்மா ஊருக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. நான் வெசாரிக்கல."

பக்கத்துக் கண்ணாடியில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்தா என் வீட்டுக்கு வராத, டார்சி" என்றாள் நோரீன். "எடம் பாத்துக்க. நான் வந்து பாக்கறேன், வேணும்னா காப்பி குடிக்கலாம். வீட்டுக்குள்ள மட்டும் வேணாம்."

"பூனைக்காகவா?"

"எனக்காக."

அவன் சரி என்றான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த மாசம் செவ்வாக்கெழமையில வரேன்" என்று உதட்டசைவில் சொன்னாள். அல்லது வேறு ஏதோ சொன்னாள். அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.